மைனர் காரின் வில்லும் மனைவியின் முதுகும்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்று சொல்பவர்களும் சுன்னாகத்தில் இருந்தார்கள். அவர்களில் பாதிப்பேரின் செத்தவீட்டுக்கு என் காரில்தான் சனத்தை ஏற்றி இறக்கினேன். சந்தையில் வாழைக்குலை சுமந்து, பிறகு வாடகைக்குக் கார் ஓடி, அந்த ஓட்டத்திலேயே வீடு கட்டி, மூன்று பிள்ளைகளையும் பிளேன் ஏற்றியவன் நான். ஒரு எஞ்சினியரும் எனக்கு நட்டுக் கழற்றக் காட்டித் தரவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம்.

அப்படிப்பட்டவனுடைய மொறிஸ் மைனரில் இனி ஏறமாட்டேன் என்று சொன்னது ஊரவன் அல்ல, என் மனைவி.

அவளுக்கு முதுகெலும்பில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே இருக்கிற மெத்தை தேய்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் படம் எடுத்துப் பார்த்த டொக்டர், "அம்மாவைக் குலுக்கக் கூடாது" என்றார். நானும் பெரிய மனிசன் மாதிரித் தலையாட்டிவிட்டு, அவளைப் பின்சீட்டில் இருத்தி, பூப்போல ஓட்டிக்கொண்டு வந்தேன். பூ எங்கள் ஒழுங்கை தண்டவாளத்தைக் கடக்கிற இடம் வரைக்கும்தான். அந்த மேட்டில் கார் ஒரு குதி குதித்தது. பின்னால் "ஐயோ" என்று ஒரு சத்தம். வீட்டு வாசலில் கதவைத் திறந்தபோது அவள் இறங்கவில்லை. கண்ணில் நீர் நின்றது.

"இஞ்சாருங்கோ, உதுக்குள்ளை இனி நான் ஏறன்," என்றாள். "என்னைச் சுடலைக்குக் கொண்டுபோறதெண்டாலும் வேறை வாகனம் பிடியுங்கோ."

"சுடலைக்குப் போறவைக்கு முதுகு நோகாதப்பா," என்றேன். பகிடி எடுபடவில்லை.

விஷயம் இத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அன்று பின்னேரமே மச்சாள், அதாவது மனைவியின் தங்கச்சி, கீரிமலையிலிருந்து போன் எடுத்தாள். கனடாவுக்கு விசா வந்துவிட்டது, மகன் கூட்டிப்போக வந்து நிற்கிறான், இன்னும் நாலு கிழமையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரேயடியாகப் போகிறாள். மச்சாளுக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. அவள் இங்கே வர ஏலாது. இவள்தான் அங்கே போகவேண்டும். எழுபது தாண்டிய இரண்டு சகோதரிகள். இதற்குப் பிறகு போனில் முகம் பார்ப்பதோடு சரி.

போனை மகன்காரன் வாங்கினான். "பெரியப்பா, நான் ஏசி வான் ஒண்டு அனுப்புறன். பெரியம்மாவை அதிலை ஏத்திவிடுங்கோ," என்றான்.

இந்தப் பெடியனுக்கு என் காரில் ஏற்கெனவே ஒரு கண். கொழும்பில் கூட்டாளி ஒருவன் ஹோட்டல் வைத்திருக்கிறானாம். வாசலில் பழைய கார் ஒன்று நிறுத்தினால் வெள்ளைக்காரர் படம் எடுப்பார்களாம். போன தடவை வந்தபோதே கேட்டான். பொனற்றுக்கு மேலே பூச்சாடி வைக்கிற யோசனையும் சொன்னான். அன்றிலிருந்து அவனைக் கண்டால் எனக்கு வயிறு எரியும்.

"வானோ? நாப்பது வருசமா உன்ரை பெரியம்மா என்ரை காரிலைதான் போறவ," என்றேன். வாய் அதோடு நிற்கவில்லை. "அவவுக்கு ஒரு நோவும் வராமல் நான் கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டு வாறன். ஏலாமல் போச்செண்டால் காரை நீயே கொண்டுபோ. பூச்சாடி என்ன, புட்டுப் பானையும் வை."

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும், "கார் போச்சு," என்றாள், மழை வரப்போகுது என்று சொல்வது மாதிரி.

காரைப்பற்றிச் சொல்லவேண்டும். ஒரு தபாலதிபரிடம் வாங்கியது. சண்டைக் காலத்தில் பெற்றோலே வராதபோது மண்ணெண்ணெயில் ஓடியது. கார்பரேற்றருக்குள் ஊசிமருந்துச் சிரிஞ்சால் ஒரு சொட்டுப் பெற்றோல் பீச்சி, ஸ்டார்ட் எடுத்து, மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வித்தையில் எனக்கு நிகர் வலிகாமத்தில் இல்லை. இந்தக் காரின் முன்பக்கத்தில் குலுக்கத்தை அடக்குகிற சொக், இப்போதைய காரில் போலக் குழாய் அல்ல. எண்ணெய் நிரப்பிய இரும்புப் பெட்டி. கம்பனி எண்ணெய்க்கு எங்கே போவது? தேங்காயெண்ணெய் விட்டேன். சண்டை முடிந்தது, பாதை திறந்தது, கடைகளில் எல்லா எண்ணெயும் வந்தது. நான் தேங்காயெண்ணெயை விடவில்லை. கம்பனி எண்ணெயைவிட இது திறம் என்று வந்தவன் போனவனுக்கெல்லாம் சொல்லிவிட்டேனே, பிறகு எப்படி மாற்றுவது?

வாக்குக் கொடுத்த மறுநாள் அந்தப் பெட்டியைத் திறந்தேன். கோயில் விளக்கு மணத்தது. உள்ளே எண்ணெய் இல்லை, களி.

ரொறொன்ரோவில் இருக்கிற மூத்தவன் வீடியோ ஒன்று அனுப்பினான். அதில் ஒரு வெள்ளைக்காரன், கையில் அழுக்கே படாமல், மைனருக்குப் புதுச் சஸ்பென்சன் போட்டான். பெட்டியை உடைத்தான், எடுத்தான், பூட்டினான், சிரித்தான். "அப்பா, இதை ஓடர் பண்ணி அனுப்பட்டோ?" என்று மகன் கேட்டான். பார்சல் கொழும்பு சுங்கத்தில் குந்தியிருந்து எழும்பி வருவதற்குள் மச்சாள் கனடாவில் பனி வழிக்கப் பழகிவிடுவாள். வேண்டாம் என்றேன். அதோடு, பெட்டியில் வருகிற சாமானைப் பூட்டுவதற்கு நான் எதற்கு? அந்த வெள்ளைக்காரனே போதுமே.

ஒரு காரின் சாமானை இன்னொரு காருக்குப் பூட்டுவது கலியாணப் பொருத்தம் பார்க்கிற மாதிரி. குலம் ஒன்றா, உயரம் ஒக்குமா, துளை துளையோடு சேருமா, யார் யாரை முறிப்பார் எல்லாம் பார்க்கவேண்டும். சாத்திரியார் பத்துப் பொருத்தம் பார்ப்பார். அதில் ஏழு சரிவந்தால் தாலி கட்டலாம் என்பார். சஸ்பென்சனில் ஒன்பது சரிவந்து ஒன்று பிசகினாலும் சில்லுக் கழன்று வயலுக்குள் போகும்.

முதலில் பின்பக்கம். அங்கேயும் இருந்த பழைய பெட்டிச் சொக்கை எறிந்துவிட்டு, குழாய்ச் சொக் போடுவதென்று முடிவெடுத்தேன். அளவெடுக்க நான் ரேப் நாடா பிடிப்பதில்லை. ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் மில்லிமீற்றர்; எனக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. என்னுடைய முறை ஈர்க்கு. தென்னோலையை வார்ந்து, ஈர்க்கெடுத்து, காருக்குக் கீழே படுத்து, சொக் சுருங்கி நிற்கிற நீளத்துக்கு ஒன்று, இழுபட்டு நிற்கிற நீளத்துக்கு ஒன்று, துளைக்கு ஒன்று என்று முறித்து எடுப்பேன். சட்டைப் பையில் மூன்று ஈர்க்கோடு யாழ்ப்பாணத்துப் பழைய இரும்புக் கடையொன்றுக்குள் நுழைந்தால், எந்த வாகனத்தின் சொக்கும் எனக்குச் சம்பந்தம் பேச வரும்.

ஆனால் அந்த முறை ஒரு பிசகு நடந்தது. போகிற நாள் காலமை கிணற்றடியில் பல் விளக்கினேன். பல் விளக்கினால் நாக்கு வழிக்கவேண்டும். கை தன்பாட்டில் பைக்குள் போய் ஓர் ஈர்க்கை எடுத்து, இரண்டாகக் கிழித்து, வளைத்து, வழித்துவிட்டு, வாழையடியில் எறிந்தது. எறிந்த பிறகுதான் அது சுருங்கிய நீளம் என்று தெரிந்தது. திரும்பக் காருக்குக் கீழே படுக்கப் பஞ்சிப்பட்டு, ஞாபகத்தில் இன்னொன்று முறித்தேன். எனக்கு ஞாபகசக்தி பயங்கரம் என்று நானே ஊருக்குச் சொல்லியிருக்கிறேன், பிறகென்ன.

இரும்புக் கடையில் ஐந்தாறு சாதிச் சொக் பார்த்து, ஒரு சின்ன ஜப்பான் வானின் பின்சொக்கைப் பிடித்தேன். ஈர்க்கோடு அச்சொட்டாக நின்றது. சங்கானையில் இரும்பு ஒட்டுவேலை செய்கிறவரைக் கொண்டு தாங்கிகள் செய்து பூட்டினேன். புதுமாப்பிள்ளை மாதிரி நின்றது கார்.

"வாரும், ஒரு சுத்துச் சுத்திக் காட்டுறன்," என்றேன்.

மனைவி வரவில்லை. அடுப்படிக்குள் போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் எடுத்துவந்து என்னிடம் தந்தாள்.

"இதைப் பின்சீட்டிலை வையுங்கோ. தண்டவாளத்தாலை போயிட்டு வாங்கோ. தண்ணி தளும்பாமல் வந்தால் நான் ஏறுறன்."

"உமக்குப் பதிலாச் செம்போ?"

"செம்புக்கு முதுகு நோகாது. அதுதான் முதலிலை அது போகட்டும்."

நாற்பது வருசம் வாடகைக்கு ஓடியவன், முதல்முறையாக ஒரு செம்பைப் பின்சீட்டில் இருத்தி ஓடினேன். தண்டவாள மேட்டில் பின்பக்கம் 'டங்' என்று அடித்தது. செம்பு எழும்பி என் பிடரியில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கீழே விழுந்தது. நாக்கு வழித்த ஈர்க்குக்கும் ஞாபக ஈர்க்குக்கும் ஒரு விரல் வித்தியாசம். சொக் நீளம் கூடி, காரின் அடிவயிற்றில் குத்தியிருக்கிறது.

நனைந்த சேட்டோடு படலைக்குள் வந்தேன். அவள் துவாயை நீட்டினாள்.

மறுநாள் சொக்கைக் கொண்டுபோய் மாற்றினேன். கடைக்காரன் என் பையைப் பார்த்து, "அண்ணை, இண்டைக்கு நாக்கு வழிச்சிட்டோ வந்தனீங்கள்?" என்றான். ஒட்டுவேலைக்காரர்தான் பரப்பியிருக்கிறார். அவரிடம் ஏன் சொன்னேன் என்றால், என்னால் ஒரு கதையைச் சும்மா வைத்திருக்க முடியாது. அது எனக்கு எதிரானதாக இருந்தாலும்.

சரியான சொக் பூட்டிய பிறகு செம்பில் பாதித் தண்ணீர் மிஞ்சியது. "பாதி முதுகு தப்பும்," என்றாள். அதற்குள் ஒரு கிழமையும் சில நாளும் போய்விட்டன.

அடுத்தது முன்பக்கம். அங்கேதான் களி பிடித்த பெட்டிகள். அதோடு சில்லைத் தாங்குகிற காலின் அடியில் மரை வெட்டிய பூண் ஒன்று இருக்கும். வலச்சில்லில் ஒரு பக்கம் முறுகும், இடச்சில்லில் மறுபக்கம் முறுகும். அது தேய்ந்தால் கார் தள்ளாடும், முற்றத் தேய்ந்தால் சில்லு மடங்கிக் கும்பிடும். என்னுடையது கும்பிட ஆயத்தமாக நின்றது.

மைனருக்கு ஒன்றுவிட்ட தமையன் ஒருவன் இருக்கிறான். ரைலி என்று பெயர். முகம் வேறு, உடுப்பு வேறு, கொஞ்சம் பணக்காரத் தோற்றம். ஆனால் அடித்தட்டும் முன்காலும் ஒரே வம்சம். சாமான் மாறிப் பூட்டலாம். அப்படி ஒரு ரைலி இணுவிலில் இளைப்பாறிய தலைமை ஆசிரியர் ஒருவரின் வளவில் முப்பது வருசமாக நிற்பது எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் அவர் அதை ஓடவே இல்லை. அதனால் அதற்குள் தேங்காயெண்ணெயும் போகவில்லை.

போனேன். மாஸ்ரர் சாய்மனைக் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"உமக்கு ரைலியும் மைனரும் ஒண்டெண்டு ஆர் சொன்னது?" என்றார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை மாஸ்ரர். கீழை படுத்துப் பாத்தனான்."

"நான் இங்கிலாந்திலை இருந்து புத்தகம் எடுப்பிச்சுப் படிச்சுத்தான் அறிஞ்சனான்."

"நீங்கள் படிச்சனீங்கள், அதுதான் உங்கடை கார் நிக்குது. நான் படிக்கேல்லை, என்ரை ஓடுது."

மனிசன் கோபிக்கவில்லை. பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். வேண்டியதைக் கழற்றிக்கொண்டு போம், பதிலுக்கு என் தோட்டத்துத் தண்ணீர் இறைக்கிற மெசினைச் செய்து தாரும் என்றார். நல்ல பேரம். காரடிக்குப் போனோம். மாஸ்ரர் பின்கதவால் எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று விரலை வாயில் வைத்தார்.

பின்சீட்டில் ஒரு கோழி அடைகிடந்தது.

"எத்தினை நாள்?" என்று காதுக்குள் கேட்டேன்.

"எட்டு. மனிசி பதின்மூண்டு முட்டை வைச்சவ. இப்ப காரை உசத்தினால் முட்டை உருளும், கோழி எழும்பும், பிறகு குந்தாது. மனிசி என்னைக் குந்த விடாள். பொரிச்சாப் பிறகு வாரும்."

கோழிக்கு இருபத்தொரு நாள். இன்னும் பதின்மூன்று. மச்சாளின் பிளேனுக்கு இருந்ததோ பதினாறு. அடைகிடக்கிற கோழியைத் தூக்குகிற பாவத்தை எங்கள் பக்கத்தில் கள்ளனும் செய்யமாட்டான். நான் பல பாவம் செய்தவன், அதைச் செய்யவில்லை. சாமிக்குப் பயந்தல்ல. மாஸ்ரரின் மனைவி குசினி வாசலில் அகப்பையோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் எனக்கு ஒரு மூளை வந்தது. ஐந்தாம் வகுப்பு மூளைதான். கோழியை எழுப்பாமல் காரை உயர்த்தலாம், கோழிக்குத் தெரியாமல் உயர்த்தினால். முன்குறுக்குச் சட்டத்தின் கீழே காரைத் தூக்குகிற ஜக்கை வைத்தேன். நாளுக்கு இரண்டு விரல் உயரம் மட்டும். தூக்குவது, அடியில் பலகை செருகுவது, வீட்டுக்குப் போவது. முதல்நாள் கோழி கழுத்தை நீட்டிப் பார்த்தது. இரண்டாம் நாள் ஒரு கண்ணைத் திறந்தது. மூன்றாம் நாள் என்னை மனிதனாகவே மதிக்கவில்லை. மாஸ்ரரின் மனைவி தவிடு நிரப்பிய சாக்கை முட்டைகளின் சரிவுப் பக்கம் அணைத்துவைத்தார். அந்த அம்மா எஞ்சினியரிங் படித்திருந்தால் நாட்டுக்கு நல்லது.

ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்பாள், "எவ்வளவு உசந்தது?"

"எட்டு விரல்."

"தங்கச்சி சாமானெல்லாம் குடுத்து முடிக்கிறாளாம். இண்டைக்கு அலுமாரி போயிட்டுதாம்." சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். 'வானை வரச் சொல்லுங்கோ' என்று ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லாதது எனக்குத் தெம்பா, தண்டனையா என்று இன்றுவரை தெரியாது.

ஆறாம் நாள் சில்லுகள் இரண்டும் நிலத்தை விட்டுத் தொங்கின. கழற்றவேண்டும். அதில் ஒரு கண்டம். இந்தக் கார்களின் முன்வில்லு, அதாவது ஸ்பிரிங், ஒரு நீளக் கம்பி. முறுக்கி வைத்த முறுக்கிலேயே காரைத் தாங்கும். முப்பது வருசமாகக் கோபத்தை அடக்கிக்கொண்டிருக்கிற கம்பி அது. தெரியாமல் நட்டைக் கழற்றினால் சில்லைப் பிடித்திருக்கிற கீழ்க்கை வெடியோசையோடு இறங்கிக் காலை முறிக்கும். என் கால் முறிந்தால் பரவாயில்லை, கோழி எழும்பிவிடும். இரண்டாவது ஜக்கைக் கீழ்க்கைக்கு அணைகொடுத்து, கயிற்றால் சுற்றி, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி இறக்கினேன். மாஸ்ரர் அருகில் குந்தியிருந்து, புத்தகத்தில் உள்ளதைக் குசுகுசு என்று வாசித்தார்.

"இடப்பக்க மரை இடமாக முறுகும், கவனம் ஐசே."

"உங்கடை புத்தகம் எழுத முதலே என்ரை கைக்குத் தெரியும் மாஸ்ரர்."

"புத்தகம் எழுதேக்கை நீர் பிறக்கேல்லை."

"கை பிறந்திட்டுது."

பெட்டிகளும் பூண்களும் நல்லபடி வெளியே வந்தன. கோழி அசையவில்லை. பிறகு பொரித்ததாம், பன்னிரண்டு குஞ்சு, ஒன்று கூழ். அதை என் கணக்கில் எழுதமாட்டேன்.

இரண்டு நாள் எடுத்து, புஷ் எல்லாம் லேத்தில் கடைந்து, கழுவி, சரியான எண்ணெய் விட்டு, ரைலியின் கால்களை மைனருக்குப் பூட்டினேன். ஓம், கம்பனி எண்ணெய்தான். கடையில் வாங்கும்போது யாருக்கோ என்று சொல்லி வாங்கினேன். முன்பக்கம் இப்போது வெண்ணெய். செம்பை வைத்து ஓடினேன். தண்டவாளத்தில் முன்சில்லு ஏறி இறங்கியது, ஒன்றும் தெரியவில்லை. பின்சில்லு ஏறியது, 'டக்'. செம்பில் மூன்று விரல் குறைந்தது.

திரும்பவும் ஓடினேன். மூன்று விரல். ரயருக்குக் காற்றுக் குறைத்து ஓடினேன். இரண்டரை. காருக்குக் கீழே படுத்துப் பார்த்தேன், சொக் சரி, தாங்கி சரி, புஷ் சரி. பிளேனுக்கு ஏழு நாள். அன்றைக்கு முதன்முதலாக எனக்குப் பயம் பிடித்தது. பூச்சாடி கண்ணுக்குள் நின்றது. இரும்புக் கடைக்காரனைக் கேட்டேன், ஒட்டுவேலைக்காரரைக் கேட்டேன், மாஸ்ரரை மானம் விட்டுக் கேட்டேன். அவர் புத்தகத்தைப் பார்த்து, "அப்பிடி அடிக்க நியாயம் இல்லை," என்றார். நியாயத்தை வைத்து நான் என்ன செய்ய?

பின்னேரம் காருக்குக் கீழே கிடந்தபடி நான் இரும்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். மனைவி வெங்காயம் உரித்தபடி வந்து கதிரை போட்டு இருந்தாள். அவளுடைய கால் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"இஞ்சாருங்கோ, அந்த வெங்காயத் தகடுகளைக் கழட்டினீங்களோ?"

"என்ன தகடு?"

"முந்தி, பெற்றோல் இல்லாத காலத்திலை, வெங்காய மூட்டை ஏத்த எண்டு ஒரு பிக்கப்பின்ரை வில்லுத் தகடு ரெண்டு ரெண்டு கூட வைச்சனீங்களெல்லோ. நான்தானே அண்டைக்கு லாம்பு பிடிச்சனான்."

கையை நீட்டி வில்லைத் தடவி எண்ணினேன். இந்தக் கார் தொழிற்சாலையால் வரும்போது எத்தனை தகடு என்பது எனக்குத் தெரியும், அதை நான் நித்திரையிலும் சொல்லுவேன். அதைவிட இரண்டு கூட. கறளும் சேறும் பிடித்து ஒரே இரும்புக் கட்டையாக நின்றன. பதினைந்து மூட்டை வெங்காயத்துக்குப் போட்ட வில்லின் மேல், முப்பது வருசமாக நாற்பத்தைந்து கிலோப் பெண்சாதியை ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"உதை ஏன் முதலே சொல்லேல்லை?" என்று கீழேயிருந்து கத்தினேன்.

"நீங்கள் கடைக்காரனைக் கேட்டீங்கள், ஒட்டுறவரைக் கேட்டீங்கள், மாஸ்ரரைக் கேட்டீங்கள், ஒரு கோழியிட்டையும் ஆறு நாள் போய் வந்தீங்கள்." வெங்காயத் தோல் ஒன்று என் முகத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. "என்னை ஆர் கேட்டது? சொன்னால் மட்டும் கேட்டிருப்பியளோ? 'உமக்கென்ன தெரியும்' எண்டிருப்பியள்."

எண்டிருப்பேன். அதில் சந்தேகமே இல்லை.

அந்தத் தகடுகளைப் பிரிக்க மூன்று நாள் பிடித்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியலால் அடித்து, நடுப்போல்ட் முறிந்து, அதை வேறு கடைந்து, ஒவ்வொரு தகட்டையும் தேய்த்து, நடுவே கிறீஸ் பூசி, கூடினதை நீக்கிப் பூட்டினேன். கார் பின்பக்கம் மூன்று விரல் அளவுக்குப் பணிந்து, விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு இருக்கிற மனிசன் மாதிரி இருந்தது. செம்பை வைத்து ஓடினேன். கொண்டுவந்து அவளிடம் நீட்டினேன். அவள் விளிம்பைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ஒரு வாய் குடித்தாள்.

"நாளைக்கு வெள்ளனப் போவம்," என்றாள்.

காலமை தலையணை ஒன்றோடு வந்து பின்சீட்டில் ஏறினாள். முகம் பல் பிடுங்கப் போகிறவளின் முகம். தண்டவாளம் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றினேன். கண்ணாடிக்குள் பார்த்தேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இருந்தாள். தாண்டியாயிற்று. கண்ணைத் திறந்து, "தண்டவாளம் இன்னும் வரேல்லையோ?" என்றாள்.

சொல்ல எனக்குப் பத்து வசனம் இருந்தது, அத்தனையும் விழுங்கினேன். வயிறு நிறைந்துவிட்டது.

மல்லாகம் தாண்ட அவள் தலையணையை முதுகிலிருந்து எடுத்துத் தலைக்கு வைத்தாள். தெல்லிப்பழையில் பார்த்தால் நித்திரை. நாற்பது வருசத்தில் இந்தக் காருக்குள் அவள் நித்திரை கொண்டதில்லை. வாந்தி எடுத்திருக்கிறாள், சண்டை பிடித்திருக்கிறாள், குண்டு விழுந்த நாள் இரண்டாவது பிள்ளையைப் பெறவும் இருந்தாள். நித்திரை இதுதான் முதல்தரம். மாவிட்டபுரத்தில் கீரிமலைக்கு இடப்பக்கம் திரும்பவேண்டும். அந்தத் திருப்பத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. எழும்பிவிடுவாள் என்று நினைத்தேன். திரும்பாமல் நேரே விட்டேன். காங்கேசன்துறை போய், கடலைக் கண்டு, எங்கே போவதென்று தெரியாமல் மெல்ல உருட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னப்பா, இது கீரிமலை றோட்டில்லையே! எங்கை கொண்டுபோறியள்?" எழும்பிவிட்டாள்.

"நித்திரை கொண்டனீர், அதுதான்..."

"என்ரை தங்கச்சி அங்கை வாசலைப் பாத்துக்கொண்டு இருப்பாள், உங்களுக்குச் சவாரி! திருப்புங்கோ காரை!"

திருப்பினேன். அப்படி ஒரு ஏச்சை நான் சந்தோசமாக வாங்கியது அன்றைக்குத்தான்.

மச்சாள் வீட்டில் எல்லாச் சாமானும் போய்விட்டது. கதிரைகூட இல்லை, இரண்டு பிளாஸ்ரிக் முக்காலி மட்டும். மச்சாளுக்கு அதில் இருக்க முழங்கால் மடங்காது, இவளுக்கு இருந்தால் முதுகு நிற்காது. இரண்டு பேரும் முற்றத்தில் நின்று ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் அழுதார்கள். பிறகு இவள் தங்கச்சியின் கையைப் பிடித்துக் காரடிக்குக் கூட்டிவந்து, பின்கதவைத் திறந்து, "இதிலை இரடி," என்றாள். மச்சாள் காலை நீட்டியபடி ஒரு பக்கம், இவள் மறுபக்கம். இரண்டு கதவும் திறந்து காற்று வந்தது. என்ன கதைத்தார்களோ, ஒரு மணித்தியாலம் அழுதார்கள், அடுத்த மணித்தியாலம் சிரித்தார்கள். சிரிக்கும்போது கார் மெல்லமாக ஆடியது. ஒரு சத்தமும் இல்லாமல் ஆடியது.

மகன்காரன் என் பக்கத்தில் வந்து நின்றான். காரைச் சுற்றிப் பார்த்தான். குனிந்து கீழேயும் பார்த்தான்; பார்த்து என்ன விளங்கியதோ.

"பெரியப்பா," என்றான், "அப்ப, கார் விசயம் என்ன மாதிரி? கூட்டாளி நேற்றும் கேட்டவன்."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நல்ல நீளமான பதில், ஈர்க்கிலிருந்து தொடங்குகிற பதில். அதற்குள் பின்சீட்டிலிருந்து என் மனைவி தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"தம்பி, உனக்குக் கண் தெரியேல்லையோ? உள்ளை ஆக்கள் இருக்கிறம்," என்றாள். சொல்லிவிட்டுத் தங்கச்சியின் பக்கம் திரும்பி, விட்ட கதையைத் தொடர்ந்தாள்.